முதல் தண்ணீர்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி, புதன்கிழமை கோழி. இடையில் என் வீட்டுக்காரருக்கு என்றைக்குத் தோன்றுகிறதோ அன்றைக்கும் கறிதான். ஒன்றுமே இல்லாத நாளில் நெத்திலிக் கருவாடாவது தட்டோரம் கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் சோற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சரு, இன்னைக்கு யாருக்கு விரதம்?" என்று கேட்பார். கூடலூருக்கு வெளியே எங்களுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. விடிய மருந்தடிக்கப் போனால் பொழுது சாயத்தான் திரும்புவார். உழைக்கிற உடம்பு, தின்றுவிட்டுப் போகட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டு ஆக்கிப் போட்டேன். நான் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பகல் முழுக்கப் பிள்ளைகளை அதட்டி அதட்டி, வீட்டிலும் எனக்கு அதே குரல்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

அவருடைய அக்கா பக்கத்துத் தெருவில் இருந்தார். எனக்கு நாத்தனார், நான் மதினி என்று கூப்பிடுவேன். இவரைப் பெற்றுப் போட்டுவிட்டு இவருடைய அம்மா கண்ணை மூடியபோது மதினிக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து இடுப்பில் தூக்கி வைத்து வளர்த்தவர் அவர்தான். புருஷனும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் மதினிக்கு எல்லாமே தம்பிதான். காலையில் எங்கள் வீட்டு வாசலில் அவர் கால் படாமல் எனக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. சில நாள் அது எனக்கு எரிச்சலாகவும் இருந்திருக்கிறது. இருந்தாலும் நான் பள்ளிக்கூடம் போன பிறகு வீட்டைப் பார்த்துக்கொண்டது அவர்தான் என்பதால் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

இரண்டாயிரத்து மூன்றில் இவருக்குக் கால் வீங்கியது. தோட்டத்தில் நின்ற கால் என்று வெந்நீர் ஊற்றினோம். பிறகு முகம் வீங்கியது, வாய் குமட்டியது. தேனியில் ரத்தம் பார்த்தவர்கள் நேரே மதுரைக்குப் போகச் சொன்னார்கள். மதுரையில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். ரத்த அழுத்தம் எத்தனை வருஷமாக இருந்ததோ, யார் கண்டது? இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்து, வாரத்துக்கு இரண்டு நாள் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். அப்போது எங்கள் பக்கத்தில் அந்த வசதி கிடையாது. முதல் பஸ்ஸைப் பிடித்துத் தேனி, தேனியிலிருந்து ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி மதுரை, திரும்பி வந்து சேரும்போது ஊர் அடங்கியிருக்கும். தைத்த இடத்தைத் தொட்டால் உள்ளே விர்ரென்று ஓடும். மதினி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏலே, உள்ள பம்புசெட்டு ஓடுது" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்த வாயோடு அழுதார்.

சில மாதம் கழித்துத்தான் அரிப்பு ஆரம்பித்தது. தேமல் இல்லை, தடிப்பு இல்லை, மேலே ஒன்றுமே தெரியாது. ஆனால் மனிதர் தென்னை மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். தூக்கத்தில் சொறிந்து சொறிந்து பனியனெல்லாம் ரத்தக் கோடு. அப்புறம் இடுப்பெலும்பு வலி, முழங்கால் வலி. டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு, பாஸ்பரஸ் ஏறியிருக்கிறது என்றார்.

பாஸ்பரஸ் என்றதும் எனக்குத் தீப்பெட்டி ஞாபகம் வந்தது. இவர் சட்டென்று, "சூப்பர் பாஸ்பேட்டா சார்? கொடிக்கு வைக்கிறது?" என்று கேட்டார். டாக்டருக்குச் சிரிப்பு. "அதேதான். எலும்புத்தூள் போடுவீங்களே, அதுல இருக்கிறதும் அதுதான்" என்றார். கறியில் இருக்கிறது, ஈரலில் இன்னும் இருக்கிறது, எலும்பைப் போட்டுக் காய்ச்சினால் அந்தச் சாற்றிலும் இறங்குகிறது. நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். இவருக்கு அது ரத்தத்திலேயே நிற்கும், மிஷின் கொஞ்சம்தான் எடுக்கும். நிற்கிற பாஸ்பரஸ் தோலை அரிக்கும், எலும்பிலிருக்கிற சுண்ணாம்பை உருவும். இப்படியே விட்டால் எலும்பு உளுத்துப்போகும், இதயத்துக்கும் ஆகாது என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனார்.

"அப்ப கறியே வேணாமா சார்?" என்று இவர் கேட்ட கேட்பில் எனக்கே பாவமாக இருந்தது.

வேண்டும் என்றார் டாக்டர். மிஷினில் படுக்கிறவருக்குச் சத்து வீணாகிறது, கறியும் முட்டை வெள்ளையும் அளவாகச் சாப்பிட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு கரைந்துவிடும். ஆனால் எலும்பு, கால், ஈரல், கருவாடு எல்லாம் மறந்துவிட வேண்டும். தொடைக்கறியைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, பிறகு குழம்பு வைக்க வேண்டும். தண்ணீரோடு பாதி விஷம் போய்விடும். சாக்குக்கட்டி மாதிரி ஒரு மாத்திரையும் கொடுத்தார். அதைச் சாப்பாட்டுக்கு நடுவில் மென்று தின்ன வேண்டும். சோற்றோடு சோறாக வயிற்றில் கிடந்தால்தான் அது பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முன்னே பின்னே தின்றால் பிரயோஜனமில்லை.

பஸ்ஸில் வரும்போது இவர், "கொடிக்குப் போட்டா காய்க்குது, எனக்குப் போட்டா அரிக்குது" என்றார். அவருக்கு எல்லாமே தோட்டம்தான்.

வீட்டுக்கு வந்து நான் வகுப்பில் சட்டம் போடுகிற மாதிரி போட்டேன். இன்றிலிருந்து இந்த வீட்டில் எலும்பு நுழையக் கூடாது. முதல் தண்ணீர் சாக்கடைக்கு. மதினி கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "அது என்னத்தா அது, பாசுபரசு?" என்றார். உரத்தில் இருக்குமே, அது கறியிலும் இருக்கிறது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஆட்டுக்கு யாரு உரம் வச்சா?"

எங்கள் பக்கத்தில் படுத்தவனை எழுப்புவது எலும்புச் சாறுதான். பிள்ளை பெற்றவளுக்கு நெஞ்செலும்பு, கை கால் ஒடிந்தவனுக்கு ஆட்டுக்கால், ரத்தம் இல்லாதவனுக்குச் சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல். இவர் படுத்த சேதி தெரிந்ததும் சொந்தம் சுருத்தெல்லாம் தூக்குச்சட்டியோடுதான் வந்தார்கள். கம்பத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் பஸ்ஸேறி, மூடியைத் துணி போட்டுக் கட்டி, சிந்தாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் எதிரிலேயே நான் அதைத் திருப்பிக் கொடுத்தேன். "டீச்சருல்ல, அப்படித்தான் இருப்பாக" என்று வாசல்படி இறங்கும் முன்பே பேசினார்கள். கறிக்கடைக்காரரும் தன் பங்குக்கு, "எலும்பில்லாமக் கறி கேக்குற வீடு நம்ம ஊருலயே ஒங்க வீடுதான்" என்றார். எல்லாருக்கும் பதில் சொல்லி முடியுமா? என் புருஷன் உயிரோடு இருந்தால் போதும் என்றிருந்தேன்.

அதிகாலையில் எழுந்து கறியை வேகவைப்பேன். தண்ணீரை வடிப்பேன். இஞ்சியும் மிளகும் அரைத்துப் போட்டு, உப்பைக் கிள்ளிப் போட்டு, என்னென்னவோ செய்து அந்தச் சக்கைக்கு ஒரு ருசி கொண்டுவரப் பார்ப்பேன். இவர் மென்றுகொண்டே, "ரப்பர் செருப்புக்கு மசாலா நல்லாத்தான் பிடிச்சிருக்கு" என்பார். திட்டிக்கொண்டே நடுவில் மாத்திரையை நீட்டுவேன். வாயெல்லாம் சுண்ணாம்பாக மென்று காட்டுவார்.

இத்தனை செய்தும் பாஸ்பரஸ் இறங்கவில்லை. அடுத்த மாதம் பார்த்தார்கள், அதற்கடுத்த மாதமும் பார்த்தார்கள், ஏறித்தான் இருந்தது. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் உடம்பில் சேருகிற தண்ணீரின் எடையும் கூடியது. "வீட்டுல சமையல் யாருங்க?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. நான் வடிக்கிற தண்ணீரை எனக்குத்தானே தெரியும். அப்படியானால் இவர்தான் எங்கோ தின்கிறார். குமுளிக்குப் பழப்பெட்டி ஏற்றிக்கொண்டு ஜீப்பில் போகிற நாட்களில் அங்கே கடையில் பரோட்டாவும் கறியும் அடிக்கிறார் என்று முடிவு கட்டினேன். வண்டிக்காரரை நிறுத்தி விசாரித்தேன். சட்டைப்பையை மோந்து பார்த்தேன். "ஒங்க நாக்குக்காக நான் தாலிய அறுக்கணுமா?" என்று கத்தினேன். அவர் என் தலையில் கை வைத்து, "கடையில பச்சத்தண்ணி கூடத் தொடலடி" என்றார். அவர் சொன்னது உண்மை. கடையில் அவர் எதையும் தொடவில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போய்விட்டேன். கரும்பலகையில் நானே எழுதியது எனக்கே தெரியவில்லை. இடைவேளையில் வீட்டுக்கு ஓடி வந்தேன். வாசலிலேயே மிளகும் பூண்டும் தாளித்த வாசம். பின்கட்டில் மதினி அடுப்பு முன்னால் குந்தியிருந்தார். இவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, எவர்சில்வர் தம்ளரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் இருந்தது என்னுடைய சட்டி. காலையில் நான் வடித்துவைத்த தண்ணீர். "நீ கெளம்பு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, நான் ஊத்திக்கிறேன்" என்று தினமும் மதினி என் கையிலிருந்து வாங்கிக்கொள்வாரே, அந்தத் தண்ணீர். அதில் நல்லியெலும்பு வேறு கிடந்தது. எங்கிருந்து வாங்கிவந்து போட்டாரோ.

கத்திவிட்டேன். "கொல்றீகளே மதினி! ஒடம்பொறந்தவன நீங்களே கொல்றீகளே!" தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

மதினி எழுந்திருக்கவில்லை. அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். "யாருடி கொல்றது? சத்தையெல்லாம் சாக்கடையில ஊத்திட்டுச் சக்கையத் திங்கக் குடுக்குற. எலும்பு வலிக்குது எலும்பு வலிக்குதுன்னு அவன் அழுகுறான். எலும்புக்கு எலும்புச் சாறு குடுக்காம என்னத்தக் குடுக்குறது? பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றியா?"

இவரைப் பார்த்தேன். "அக்கா குடுக்குது. எப்டிடி வேணாம்னு சொல்றது?" என்றார். பிறகு குனிந்துகொண்டு இன்னொன்றும் சொன்னார். தம்பி பழையபடி தோட்டத்து வேலைக்கு இறங்கும் வரை கறியைத் தொடுவதில்லை என்று மதினி குலசாமிக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாராம். எங்கள் குடும்பத்திலேயே கறியென்றால் முதல் ஆளாக உட்காருகிற மதினி, மாதக்கணக்கில் மோருஞ்சோறு தின்றுவிட்டு, உப்புக்கூடச் சரிபார்க்காமல் அந்தச் சாற்றைக் காய்ச்சியிருக்கிறார். அதைக் கேட்டும் எனக்கு இரக்கம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. சட்டியோடு தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தேன். "இனி இந்த அடுப்பாங்கரைக்குள்ள நீங்க வரக் கூடாது" என்றேன். அப்படிச் சொன்னதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் அவர் நிறுத்தியிருக்க மாட்டார்.

மதினி வரவில்லை. பாஸ்பரஸ் இறங்கியது. டாக்டர் தட்டிக்கொடுத்தார். அரிப்பு குறைந்தது, இவர் விடிய விடியத் தூங்கினார். ஆனால் காலையில் வாசலில் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பார். பால்காரராக இருக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய் வாசலில் உட்கார்ந்துவிட்டு வருவது எனக்குத் தெரியும். அங்கே எதுவும் குடிக்கவில்லை என்பதும் தெரியும். மதினியே கொடுக்கவில்லையாம். என் மேல் கோபம்.

அடுத்த மாசியில் தோட்டத்தில் பந்தல் கம்பி இழுத்துக் கட்டுவதை மேற்பார்வை பார்க்கப் போனவர், வரப்பில் கால் இடறி விழுந்தார். முழங்கால் உயரம்கூட இல்லாத வரப்பு. தொடையெலும்பு முறிந்துவிட்டது. மதுரையில் சேர்த்தோம். மதினி எனக்குச் சொல்லாமல் தனியாகப் பஸ்ஸேறி, கேட்டுக் கேட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். நல்ல எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டும், இவருடையது மங்கலாக இருக்கிறது, பாஸ்பரஸ் ஏறிக் கிடந்து சுண்ணாம்பை உருவிவிட்டது என்றார். மதினி பின்னால் நின்றிருந்தார்.

"அது கறித்தண்ணியில இருக்குமா சாமி?" என்று கேட்டார்.

"இருக்கும்மா. அதுலதான் இறங்கும். அதனாலதான் கீழே ஊத்தச் சொல்றோம்."

"எலும்பப் போட்டுக் காச்சினா?"

"இன்னும் ஜாஸ்தி."

நான் அப்போது டாக்டரிடம் எதையும் சொல்லவில்லை. அவருக்கே ஏதோ புரிந்திருக்க வேண்டும். இது பல வருஷத்து நோயம்மா, அது ஒன்று மட்டும் காரணமில்லை என்று மெதுவாகச் சொன்னார். மதினி காதில் அது விழவே இல்லை. எக்ஸ்ரேயைத் தொட்டுப் பார்த்தார், கையில் ஓடுகிற பம்புசெட்டைத் தொட்டுப் பார்த்தது போல. அழவில்லை. "எலும்புக்குன்னுதான குடுத்தேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அதன் பிறகு மதினி திரும்ப எங்கள் வீட்டுக்கு வந்தார். நான்தான் கூட்டி வந்தேன். ஆனால் அடுப்பாங்கரை நிலையைத் தாண்டி உள்ளே வரமாட்டார். அங்கனயே நின்று, "தண்ணிய ஊத்திட்டியா?" என்று கேட்பார். ஊற்றிவிட்டேன் மதினி என்பேன். "நல்லா வடிச்சியா?" டாக்டர் சொன்னதை, அது மட்டும் காரணமில்லை என்பதை, எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். வாய் வலிக்கச் சொன்னேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எதையும் புரியவைத்துவிடுகிற எனக்கு இதை அவருக்குப் புரியவைக்க முடியவில்லை.

இவர் எழுந்து நடக்கவே இல்லை. கையில் தைத்த குழாய் அடைத்துக்கொண்டது. கழுத்தில் வேறு குழாய் போட்டார்கள், அங்கும் சீழ் வைத்தது. ஊசி குத்த இடமில்லாமல் போனது. இரண்டாயிரத்து ஏழு, ஐப்பசி மழை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், கேட்டதைக் கொடுங்கள், இனிப் பத்தியம் எதுவும் வேண்டாம் என்றார். தேனி வரும் வரை வண்டியில் நான் அழுதேன். தேனியில் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

என்ன வேண்டும் என்று கேட்டேன். "அக்கா கையால கறித்தண்ணி" என்றார். குரலே வரவில்லை, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

மழையோடு மழையாகப் பக்கத்துத் தெருவுக்கு ஓடினேன். போகிற வழியில் கறிக்கடையில் அன்றைக்கு நானே கேட்டு நெஞ்செலும்பு வாங்கினேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வெட்டிக் கொடுத்தார். "மதினி, வந்து காச்சுங்க. அவரு கேக்குறாரு" என்றேன். மதினி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து வந்தார். சில வருஷம் கழித்து நிலையைத் தாண்டி என் அடுப்பாங்கரைக்குள் நுழைந்தார்.

எலும்பில் ஒட்டியிருந்த கறியை மட்டும் கத்தியால் சீவி எடுத்துவிட்டு, எலும்பை ஓரமாக வைத்தார். கறியைப் பொடியாக நறுக்கினார். நிறையத் தண்ணீர் வைத்து வேகவிட்டார். நுரை கட்டி, வாசம் எழும்பி, தண்ணீர் நிறம் மாறியதும் துணியைப் பிடித்துச் சட்டியைத் தூக்கினார். பின்வாசலுக்கு நடந்தார்.

"மதினி, அத ஊத்தாதீக!" பின்னாலேயே ஓடினேன். "அவருக்கு அதான் வேணுமாம். டாக்டரே குடுக்கச் சொல்லிட்டாக. இனி ஒண்ணும் செய்யாது மதினி."

"நீ சும்மா இருத்தா" என்றார். "எலும்பு வலிக்கும் அவனுக்கு."

மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த சாக்கடையில் மொத்தத்தையும் சாய்த்து ஊற்றினார். கடைசிச் சொட்டு வரை சட்டியைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். திரும்பி வந்து, இரண்டாவது தண்ணீர் வைத்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுக் குழைய வேகவைத்தார். குழைந்த சோற்றில் அதைப் பிசைந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார். இவருக்குக் கறித்தண்ணீரின் ருசி தெரியாதா? முதல் வாயிலேயே தெரிந்திருக்கும். அக்காவைப் பார்த்துக்கொண்டே மென்றார். "நல்லாருக்குக்கா" என்றார்.

இரண்டு வாய் ஊட்டியிருப்பார். மூன்றாவது உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு மதினி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மாத்திர எங்கத்தா? சோத்துக்கு நடுவுல குடுக்கணும்ல?"

மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அலமாரியில் மிச்சமிருந்த அட்டையிலிருந்து ஒன்றைப் பிரித்து எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தேன்.